எந்தக் காசு எங்கே செல்லும்?

டீத் தம்ளருக்குப் பக்கத்தில் சித்தப்பா ஒரு காசைச் சுண்டிவிட்டார். அது சுழன்றுகொண்டே போய்ச் சர்க்கரை டப்பாவில் முட்டிப் படுத்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஓட்டை. ஓட்டையைச் சுற்றி மணிமுடி வைத்த எழுத்துகள், ஊடே பொடிப்பொடியாக இதயப் படங்கள்.

"எங்கப்பன் காலத்து ஓட்டைக் காலணா மாதிரியே இருக்குதா? பேத்தி கொண்டாந்து குடுத்தா. டென்மார்க் காசாம்" என்றார்.

பேத்தி வேலை பார்ப்பது டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில். குடியிருப்பது கடலுக்கு அக்கரையில், ஸ்வீடன் நாட்டு மால்மோவில். அங்கே வாடகை குறைவு. இரண்டு கரையையும் சேர்ப்பது 2000 ஜூலை 1 அன்று திறந்த ஓரசுண்ட் பாலம். ரயிலேறினால் முக்கால் மணிக்குள் நாடு மாறிவிடும். சித்தப்பாவோ முப்பது வருஷம் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. பேத்தி சொன்ன கதையில் அவருக்குக் கணக்கு உதைத்தது.

"கண்ணு, ஐரோப்பாவுல 27 நாடும் ஒண்ணாச் சேந்துட்டாங்க, எல்லாத்துக்கும் ஒரே காசுன்னுதான் நானும் பேப்பர்ல படிச்சேன். இவ குடியிருக்கற ஊர்ல ஒரு காசு, வேலை பாக்கற ஊர்ல ஒரு காசு, ரெண்டுமே யூரோ இல்லையாம். ஆளாளுக்குப் பிடிச்சதுல மட்டும் சேருவாங்கன்னா அதுக்குப் பேரு சங்கமா? அவங்க போடற சட்டமெல்லாம் செல்லுமா?"

செல்லுமா என்று அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் காசும் செல்லும், சொல்லும் செல்லும். நோட்டைப் பெட்டிக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டால் அது செல்லும். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேச்சுக்கு நாலு பேர் கட்டுப்பட்டால் அவர் சொல் செல்லும். அரசியல் படித்தவர்கள் ஏற்புடைமை என்று கனமாகச் சொல்வதும் இதைத்தான். ஒரு சட்டம் முறைப்படி நிறைவேறியதா என்பது வக்கீலின் கேள்வி. அந்தச் சட்டம் பிடிக்காதவரும் 'என்னையும் கேட்டுத்தானே போட்டார்கள்' என்று கட்டுப்படுகிறாரா என்பது ஏற்புடைமையின் கேள்வி. எல்லோரும் எல்லாவற்றிலும் சேராத ஒரு ஒன்றியத்தில் இது இன்னும் சிக்கலாகும். சேராதவன் சொல் எதுவரை செல்லும்? சேர்ந்தவர்கள் சொல் சேராதவன் வாசல்வரை வரலாமா?

"இன்னொரு டீ சொல்லுங்க சித்தப்பா, கொஞ்சம் நேரமாகும்" என்றேன்.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்றைக்கு 27 நாடுகள். யூரோ புழங்குவது 21 நாடுகளில். கடைசியாக அதில் சேர்ந்தது பல்கேரியா, 2026 ஜனவரி 1 அன்று. எல்லையில் பாஸ்போர்ட் காட்டாமல் போய்வரும் ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். அதில் 25தான் ஒன்றியத்து நாடுகள். நார்வே, ஐஸ்லாந்து, ஸ்விட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்திலேயே இல்லாதவை. ஒன்றியத்துக்குள் இருக்கும் அயர்லாந்தும் சைப்ரஸும் ஷெங்கனில் கிடையாது. ஒன்றியத்தின் பணத்தில் கைவைத்தவர்கள் மேல் வழக்குப் போடும் பொது வழக்குத்துறையில் 24 நாடுகள். ஒரு நாட்டுக் கணவனும் இன்னொரு நாட்டு மனைவியும் விவாகரத்துக்குப் போனால் எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு என்பதை வகுக்கும் ஏற்பாட்டை 2010-ல் 14 நாடுகள் மட்டும் சேர்ந்து தொடங்கின.

சிக்குக் கோலம் மாதிரி. புள்ளி 27. ஒவ்வொரு இழையும் வேறு வேறு புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு ஓடும், சில இழை புள்ளியே இல்லாத இடத்துக்கும் போய்வரும்.

இது யாரோ மறந்துபோய் விட்ட குறை கிடையாது. ஒன்றியம் வளர்ந்ததே பாதி இந்த வழியில்தான். 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற திராட்சைத் தோட்டத்துக் கிராமத்துக்கு அருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். அன்றைக்கு ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள் இருந்தன. பாதிப்பேர் ஒப்பாததால், ஒப்பியவர்கள் சமூகத்தின் சட்டத்துக்கு வெளியே தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1995 மார்ச்சில், எல்லைச் சோதனை நிஜமாகவே நின்றது. நன்றாக நடக்கிறதென்று தெரிந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். 1999-ல் அது ஒன்றியத்தின் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லோரும் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் அந்தக் கப்பல் இன்னும் கரையிலேயே நின்றிருக்கும்.

பிறகு இதற்கென்றே விதியும் எழுதினார்கள். குறைந்தது ஒன்பது நாடுகள் ஒத்துக்கொண்டால் ஒரு விஷயத்தில் தாங்கள் மட்டும் மேலே போகலாம். சேராதவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், வாக்குப் போட முடியாது. பின்னால் மனம் மாறினால் சேர்ந்துகொள்ளலாம்.

"அப்ப முன்னால போறவங்களுக்கு விதி இருக்குது. பின்னால நிக்கறவங்களுக்கு?"

அங்கேதான் அந்த ஓட்டைக் காசு வருகிறது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க், 1992 ஜூன் 2 அன்று தன் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. பொதுக்காசுக்கு அடிபோட்ட மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை ஏற்கலாமா? 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அன்று இருந்த 12 நாடுகளும் ஒப்பினால்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வரும். ஒரு சின்ன நாடு மொத்த வண்டியையும் நிறுத்திவிட்டது. அந்த வருஷ டிசம்பரில் எடின்பரோவில் தலைவர்கள் கூடி டென்மார்க்குக்கு நாலு விலக்கு கொடுத்தார்கள். யூரோ வேண்டாம், ராணுவக் கூட்டு வேண்டாம், நீதி மற்றும் போலீஸ் விவகாரங்களில் மேலதிகாரம் வேண்டாம், ஒன்றியக் குடியுரிமை நாட்டுக் குடியுரிமைக்கு மாற்றாக வேண்டாம். 1993 மே 18 அன்று மறுபடி வாக்கெடுப்பு. இந்தமுறை 56.7 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

"வேண்டாம்னு சொன்னவங்கிட்டயே மறுபடி கேட்டாங்களா?" சித்தப்பா சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு சொசைட்டி எலெக்‌ஷன்ல இப்படித்தான் நடந்துச்சு."

அந்தச் சந்தேகம் கோபன்ஹேகனிலும் பலருக்கு இருந்தது. அன்று இரவே நோரெப்ரோ பகுதியில் கலவரம் மூண்டது. கல்லெறிந்த கூட்டத்தை நோக்கிப் போலீஸ் 113 குண்டுகள் சுட்டது. பதினொரு பேராவது காயம்பட்டார்கள். அமைதிக்குப் பேர்போன அந்த நாட்டுக்கு அது ஆறாத வடு.

ஆனாலும் டென்மார்க் கதையை அயர்லாந்துக் கதையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அயர்லாந்து மக்கள் 2001-ல், ஒன்றியத்தின் விதிகளைத் திருத்தும் நீஸ் உடன்படிக்கையை 53.9 சதவீதம் வாக்கில் நிராகரித்தார்கள். நாட்டின் ராணுவ நடுநிலைமைக்கு ஓர் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு, உடன்படிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அடுத்த வருஷமே மறுபடி கேட்டார்கள். 2008-ல் லிஸ்பன் உடன்படிக்கைக்கும் அப்படியே. இரண்டு முறையும் இரண்டாம் தடவை சரி வந்தது. டென்மார்க்கில் இரண்டாம் தடவை வாக்குச்சீட்டுக்குப் பின்னால் இருந்த பொருளே வேறு. மக்கள் எதற்குப் பயந்தார்களோ அதிலிருந்து நாலு வேலி போட்டுக்கொண்டு வந்துதான் கேட்டார்கள். விடை பிடிக்காமல் திரும்பக் கேட்பதும், விடையைக் கேட்டுக் கேள்வியைத் திருத்திக்கொண்டு வருவதும் ஒன்றாகாது. விலக்கு என்பது மக்கள் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல் செல்லுபடியானதற்கான ரசீது.

அந்த ரசீதை அவர்கள் பலமுறை புதுப்பித்தார்கள். யூரோவில் சேரலாமா என்று 2000-ல் கேட்டபோது 53.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று 2015-ல் கேட்டபோது 53.1 சதவீதம் பேர் வேண்டாம். பேத்தி குடியிருக்கும் ஸ்வீடன் கதை இன்னும் விசித்திரம். 1995-ல் சேர்ந்த ஸ்வீடனுக்கு விலக்கே கிடையாது, ஏட்டின்படி அது யூரோவுக்கு வந்தாக வேண்டும். 2003-ல் மக்களிடம் கேட்டார்கள். 55.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றதும், யூரோவுக்கு முந்தைய படியான செலாவணி ஏற்பாட்டில் ஸ்வீடன் கால்வைக்கவே இல்லை. படியேறாதவரை வீட்டுக்குள் கூப்பிட முடியாது. ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. ஏட்டில் எழுதியது ஒன்று, மக்கள் சொன்னது ஒன்று. மோதியபோது மக்கள் சொன்னதுதான் செல்லுகிறது.

சித்தப்பா தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வேண்டாம்னு சொன்னா அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத. நம்ம கெணத்துக் கதை உனக்குத் தெரியுமல்ல?" என்றார்.

பாதிதான் தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணறு நாலு பங்காளிக் கிணறு. முறை வைத்து இறைப்பார்கள். 83-ல் மழை பொய்த்தபோது மூன்று பங்காளிகள் சேர்ந்து பக்கத்திலேயே போர் போட்டார்கள். எங்கள் அப்பாரு, அதாவது சித்தப்பாவின் அப்பா, கடன் வாங்கப் பயந்து சேரவில்லை. "போர்ல தண்ணி வந்துச்சு. கெணத்துல தண்ணி எறங்கிருச்சு. உங்க அப்பாரு போய்க் கேட்டாரு. நீதானப்பா வேண்டாம்னே, அப்படின்னாங்க. அவங்க சொன்னதும் தப்பில்லை. கெணறு வத்துனதும் பொய்யில்லை."

டென்மார்க்குக்கும் அதுதான் நடந்தது. யூரோ வேண்டாம் என்றது, ஆனால் தன் குரோனரை யூரோவோடு கட்டி வைத்திருக்கிறது. ஒரு யூரோவுக்கு 7.46038 குரோனர், அதிலிருந்து மேலேயோ கீழேயோ 2.25 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விட்சர்லாந்து தன் பிராங்க்கை யூரோவோடு பிணைத்திருந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. அடுத்து டென்மார்க்கும் கட்டை அவிழ்க்கும் என்று பந்தயம் கட்டி உலகப் பணக்காரர்கள் குரோனரை வாங்கிக் குவித்தார்கள். அதைத் தடுக்க டேனிஷ் மத்திய வங்கி ஜனவரி 19-லிருந்து பிப்ரவரி 5-க்குள் நாலு முறை வட்டியைக் குறைத்து, சூனியத்துக்கும் கீழே 0.75 சதவீதத்துக்குக் கொண்டுபோனது.

"சூனியத்துக்குக் கீழயா? டெபாசிட் போட்டவங்கிட்டயே வட்டி வாங்கறதா?"

"ஆமாங்க. மத்திய வங்கியில பணத்தை வெச்ச பேங்குகிட்ட வாங்குனாங்க."

கட்டு அறுபடவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் டென்மார்க்கின் வட்டி விகிதத்தைத் தீர்மானித்தது அந்த நாட்டின் வேலைவாய்ப்போ விலைவாசியோ அல்ல, யூரோவின் போக்கு. யூரோவின் வட்டியை முடிவு செய்யும் பிராங்க்பர்ட் குழுவில் டென்மார்க்குக்கு நாற்காலி இல்லை. காசில் தங்கள் ராணியின் எழுத்து இருந்தது, வட்டியில் தங்கள் சொல் இல்லை. இது தெரிந்துதான் மக்கள் வேண்டாம் என்றார்கள் என்று வாதிடலாம். நாளைக்கு யார் என்ன முடிவெடுப்பார்கள் என்பதை நேற்றே யாரால் தெரிந்துகொள்ள முடியும்?

இதற்கு ஒன்றியம் சில இடங்களில் மருந்தும் கண்டுபிடித்தது. யூரோ நாடுகள் தங்கள் வங்கிகளை ஒரே கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தபோது, ஐரோப்பிய வங்கி ஆணையத்தில் அவர்களே எண்ணிக்கை பலத்தால் எல்லா விதியையும் எழுதிவிடுவார்கள் என்று வெளியே நின்றவர்கள் பயந்தார்கள். 2013-ல் ஒரு திருத்தம் வந்தது. முக்கிய விதிகள் நிறைவேற, உள்ளே இருப்பவர்களில் பெரும்பான்மையும் வேண்டும், வெளியே இருப்பவர்களில் பெரும்பான்மையும் வேண்டும். போர் போட்டவர்கள் இன்னும் நூறடி ஆழப்படுத்த நினைத்தால் கிணற்றுக்காரனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிற மாதிரி. ஆனால் எல்லாக் கசிவையும் விதியால் அடைக்க முடியாது. வட ஐரோப்பாவின் பெரிய வங்கியான நோர்டியா 2018 அக்டோபரில் தன் தலைமையகத்தை ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கு மாற்றிக்கொண்டது. பின்லாந்து யூரோ நாடு, வங்கிக் கூட்டுக்குள் இருப்பது. ஸ்வீடன் மக்கள் வாக்குப் போட்டு வெளியே நின்றார்கள், வங்கி டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் தானே விரும்பி ஒதுங்கியவர்கள் கதை. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் கதை தனி.

பேத்தி தாண்டுகிற பாலத்தைப் போல ஐரோப்பாவின் தென்கிழக்கில் இன்னொரு பாலம். டான்யூப் ஆற்றின் மேல், ருமேனியாவின் ஜுர்ஜுவையும் பல்கேரியாவின் ரூசேவையும் சேர்க்கும் பாலம், 1954-ல் திறந்தது. இரண்டு கரையும் 2007 முதல் ஒன்றியம். இருந்தும் 2024 முடியும்வரை அங்கே லாரிகள் வரிசைகட்டி நின்றன. காகிதம் காட்டி, முத்திரை வாங்கி, ஊர்ந்து ஊர்ந்துதான் ஆற்றைத் தாண்ட வேண்டும். அந்த இரண்டு நாடுகளும் ஷெங்கன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் தயார் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2011-லேயே சொல்லிவிட்டது. உள்ளே சேர்க்க ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தலையை ஆட்டவில்லை. 2022 டிசம்பரில் ஒரே கூட்டத்தில் குரோஷியாவைச் சேர்த்துக்கொண்டு, அகதிகள் வரத்தைக் காரணம் காட்டி ஆஸ்திரியா இவர்கள் இருவரையும் நிறுத்தியது. விமானத்துக்கும் கப்பலுக்கும் 2024 மார்ச் 31-ல் கதவு திறந்தது. லாரிக்காரருக்குத் திறந்தது 2025 ஜனவரி 1 அன்று. சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

வரைபடத்தில் பார்த்தால் ஷெங்கனுக்கு வெளியே இருந்த அயர்லாந்தும் பல்கேரியாவும் ஒரே நிறம்தான். ஓரிடத்தில் கோட்டைக் கிழித்தது அந்த நாட்டவரே, பிரிட்டனோடு தங்களுக்கிருந்த தடையற்ற போக்குவரத்தைக் காப்பாற்றிக்கொள்ள. இன்னோரிடத்தில் கிழித்தது அடுத்தவர். ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது குற்றமில்லை சித்தப்பா, பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி என்றேன்.

"சரி, கதவுக்கு வெளிய நிக்கறவன் பாடு தெரிஞ்சுது. உள்ள போனவன் பேச்சு எடுபடுதா?"

செயலாளர் கேள்வி. எப்போதும் எடுபடுவதில்லை. யூரோவுக்குள் இருந்துகொண்டு கடனில் மூழ்கிய கிரீஸ், 2015 ஜூலை 5 அன்று தன் மக்களிடம் கேட்டது: கடன் கொடுத்தவர்கள் வைக்கும் சிக்கன நிபந்தனைகளை ஏற்கலாமா? 61.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எட்டே நாளில், ஜூலை 13 அன்று, அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அதே அரசு ஒப்புக்கொண்டது. டென்மார்க் மக்களின் 50.7 சதவீதம் ஒரு கண்டத்தையே நிறுத்திக் கேள்வியை மாற்ற வைத்தது. கிரேக்கரின் 61.3 சதவீதத்தால் பத்து நாள்கூடத் தாங்க முடியவில்லை. வெளியே நின்றவன் சொல் சென்றது, நடுவீட்டில் உட்கார்ந்திருந்தவன் சொல் செல்லவில்லை.

இதைக் கேட்டதும் கிரீஸ் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், எதிர்ப்பக்கத்திலும் மக்கள்தான் இருந்தார்கள். 2011 அக்டோபரில் கடனில் சிக்கிய யூரோ நாடுகளுக்கான மீட்பு நிதியைப் பெரிதாக்கும் தீர்மானம் ஸ்லோவாகியா நாடாளுமன்றத்துக்கு வந்தது. கிரேக்கரைவிட ஏழைகளான நாங்கள் ஏன் அவர்கள் கடனுக்கு ஜவாப்தாரி ஆக வேண்டும் என்று கூட்டணிக்குள்ளேயே ஒரு கட்சி மறுத்தது. தீர்மானத்தோடு தன் பதவியையும் பணயம் வைத்த பிரதமர் இவெட்டா ராடிச்சோவா தோற்றார், அரசு கவிழ்ந்தது. இரண்டே நாளில், தேர்தலை முன்கூட்டி நடத்த ஒப்புக்கொண்டு, அதே தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஏதென்ஸில் போட்ட வாக்கும் வாக்குதான், பிராத்திஸ்லாவாவில் போட்ட வாக்கும் வாக்குதான். காசை ஒன்றாக்கினார்கள். அந்தக் காசுக்காக எல்லோரும் கூடி வாதாடித் தீர்மானிக்கிற பொதுவான மன்றத்தை அந்த அளவுக்குக் கட்டவில்லை.

இருக்கிற மன்றமும் அரைகுறை. யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோகுழு, ஏட்டின்படியே ஒரு முறைசாராக் கூட்டம். 2013-ல் சைப்ரஸ் வங்கிகள் நொடித்தபோது பணத்தை இழந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அப்படி வழக்குத் தொடுக்கத்தக்க அமைப்பே அது அல்ல என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. வேண்டுமானால் ஐரோப்பிய ஆணையத்தின் மேலும் ஐரோப்பிய மத்திய வங்கியின் மேலும் போடுங்கள் என்றது. முடிவெடுத்த மேசை ஒன்று, பதில் சொல்லும் மேசை வேறு.

ஐரோப்பிய நாடாளுமன்றத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே 720 உறுப்பினர்கள், டென்மார்க்குக்கு 15, ஸ்வீடனுக்கு 21. யூரோ நாடுகளுக்கு மட்டுமான சட்டத்துக்கும் இந்த 36 பேர் வாக்குப் போடலாம். தங்கள் வீட்டில் எரியாத அடுப்புக்கு விறகு அளந்து கொடுக்கலாம். நாங்கள் நாட்டின் பிரதிநிதிகள் அல்ல, ஒன்றியத்துக் குடிமக்கள் எல்லோருக்கும் பிரதிநிதிகள் என்பது அவர்கள் பதில். பதில் அழகாகத்தான் இருக்கிறது. யூரோவில் அடிபட்ட கிரேக்கருக்கு அது ருசிக்குமா என்பது வேறு.

முழுக்க வெளியே நின்றால் நிம்மதியா என்றால், நார்வேயைப் பார்க்க வேண்டும். 1972-லும் 1994-லும் வாக்குப் போட்டு ஒன்றியமே வேண்டாம் என்ற நாடு. ஆனால் ஒன்றியத்தின் சந்தையில் விற்க வாங்க வேண்டுமே. அதற்காக அந்தச் சந்தையின் விதிகளை அப்படியே வாங்கித் தன் சட்டமாக்கிக்கொள்கிறது. எழுதும் இடத்தில் வாக்கில்லை. பிரஸ்ஸல்ஸிலிருந்து பேக்ஸில் வரும் சட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் ஜனநாயகம் என்று நார்வேக்காரர்களே தங்களைக் கிண்டலடித்துக்கொள்வதுண்டு.

"அப்ப யாரு வேணும்னாலும் எதிலிருந்து வேணும்னாலும் வெலகிக்கலாமா?"

முடியாது. காசிலிருந்து விலகலாம், ராணுவத்திலிருந்து விலகலாம். நீதிபதியின் கையைக் கட்டிப்போட விலக்குக் கேட்க முடியாது. காரணம் ரொம்ப எளிது. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு நீதிமன்றம் பிடியாணை போட்டால் இன்னொரு நாட்டுப் போலீஸ் ஆளைப் பிடித்து அனுப்ப வேண்டும். 2018-ல் போலந்து அப்படி ஒருவரைக் கேட்டபோது அயர்லாந்து நீதிபதி தயங்கினார். போலந்தில் நீதிமன்றங்களை அரசு தன் பிடிக்குள் கொண்டுவருகிறதே, அங்கே இவருக்கு நியாயமான விசாரணை கிடைக்குமா என்று ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்டார். அப்படிச் சந்தேகம் வந்தால் அந்த ஆளின் வழக்கைத் தனியாக ஆராய்ந்து, ஆபத்து நிஜமென்றால் அனுப்பாமல் இருக்கலாம் என்று அந்த ஜூலையில் பதில் வந்தது. ஒருவர் வேறு காசு வைத்திருந்தால் மற்றவருக்கு மாற்றுச் செலவோடு போகும். ஒருவர் வீட்டுத் தராசு பொய்யானால் எல்லோர் வீட்டுக் கணக்கும் பொய்.

சித்தப்பா காசைக் கையில் எடுத்து ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பேசவில்லை. நான் முடிவுக்கு வந்தேன்.

யூரோவையே எடுத்துக்கொள்வோம். பல்கேரியா சேருவதற்கு முன்னால், 2025 மே மாதம், மக்களிடம் கேட்டுவிடலாம் என்று அன்றைய அதிபர் ருமென் ராதெவ் பொதுவாக்கெடுப்புக்கு முன்மொழிந்தார். நாடாளுமன்றத் தலைவர் அதை அவைக்கே விடவில்லை. 2007-ல் ஒன்றியத்தில் சேரும்போதே யூரோவுக்கும் ஒப்புக்கொண்டாயிற்று, கையெழுத்துப் போட்டதை மறுபடி வாக்குக்கு விட முடியாது என்பது வாதம். சட்டப்படி கெட்டியான வாதம்தான். ஆனால் அதே கையெழுத்தைப் போட்ட ஸ்வீடன் மக்களிடம் கேட்டது, அவர்கள் சொன்னபடி வெளியே நிற்கிறது. பல்கேரியத் தலைநகர் சோபியாவின் தெருக்களில் யூரோவுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களில் எத்தனை பேருக்குக் காசின் மேல் கோபம், எத்தனை பேருக்குக் கேட்காததன் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். புதுக் காசு கடையில் செல்லும். அதைக் கொண்டுவந்தவர்கள் சொல் செல்லுமா என்பது, விலைவாசி ஏறுகிற முதல் வருஷத்தில் தெரியும்.

டென்மார்க் பக்கம் நடந்ததையும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. முப்பது வருஷமாகப் பொத்திவைத்திருந்த ராணுவ விலக்கை இனியும் வைத்திருக்கலாமா என்று அந்த ஜூன் 1 அன்று மக்களைக் கேட்டார்கள். 66.9 சதவீதம் பேர், விட்டுவிடலாம், கூட்டில் சேரலாம் என்றார்கள். வாசலில் நின்றவர்கள் தாங்களாகவே ஒரு படி உள்ளே ஏறினார்கள். குரோனர் விலக்கோ அப்படியே இருக்கிறது. அதை யாரும் அவர்கள் கையிலிருந்து பிடுங்கவுமில்லை. ஒன்றியத்தின் ஏற்றத்தாழ்வு செல்லுமா என்று கேட்டால், என் பதில் இதுதான்: கோடு கிழிக்கும்போது மக்களைக் கேட்டிருக்க வேண்டும், கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்குத் தண்ணீர் இறங்கும்போது அவன் பேச்சும் காதில் விழ வேண்டும், காலம் மாறினால் திரும்பவும் கேட்க வேண்டும். மூன்றும் இருந்தால் சமமில்லாததும் செல்லும். மூன்றும் இல்லையென்றால் 27 பேரும் ஒரே சட்டை போட்டு நின்றாலும் செல்லாது.

கடைக்காரர் தம்ளர்களை எடுத்துப் போனார். சித்தப்பா ஓட்டைக் காசைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டே சொன்னார்:

"கெணத்துக் கதையில உனக்கு மிச்சம் தெரியாது. மூணு வருஷம் கழிச்சு உங்க அப்பாரும் அந்தப் போர்ல சேந்தாரு. மூணு வருஷமும் சித்திரை மாசம் பொறந்தா பங்காளிக மூணு பேரும் நம்ம திண்ணையில வந்து உக்காந்து, இந்த வருஷம் வர்றியாப்பான்னு கேட்டுட்டுப் போவாங்க. சேரும்போது தோண்டுன கூலியில நம்ம பங்கை வட்டியோட வாங்கிட்டாங்க. எங்கம்மா ஒரு மாசம் பொலம்புனா. அவரு ஒண்ணும் சொல்லலை. வந்து கேட்டாங்களேன்னாரு."